சரிவில் நிற்காத வேன்

சந்தேகம் மல்லாந்து படுத்து, வேனின் அடிவயிற்றில் ஹேண்ட் பிரேக் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். கை நெடுக துரு ஒட்டியது. ஒரு பழுது கிடைத்த பிறகும் இன்னொன்றைத் தேடுகிறவர் என்பதால் வண்டிப் பட்டறையில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர்.

வேன் அவருடைய அண்ணனுடையது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அண்ணிதான் ஓட்டுகிறார். பின்கதவில் சாய்வுப் பலகையைப் போட்டு, சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றி, நடைப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போவார். நேற்று அந்த நிலையத்தின் வாசல் சரிவில், நாற்காலி பலகையின் பாதியில் இருக்கும்போது வேன் தானாக முன்னால் உருண்டு சுவரில் முட்டியது. அண்ணி நாற்காலியைத் தன் உடம்பால் தாங்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

"நான்தான் பிரேக்கைச் சரியா இழுக்கலை. இந்தக் கையை இனி நம்ப முடியாது. வித்துடு."

விற்றால் பயிற்சி நின்றுவிடும். அண்ணன் இப்போதுதான் கம்பியைப் பிடித்து நாலடி வைக்கிறார். பயிற்சியை விட்டால் அந்த நாலடியும் போய்விடும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணி மேல் தப்பில்லை என்று சொல்ல சந்தேகத்துக்கு ஆசைதான். ஆசையை வைத்துப் பழுது பார்க்க முடியாதே. வேனைப் பட்டறைச் சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன் கொஞ்சம் இடம் விட்டு மரக்கட்டைகளை வைத்தார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்தார். லிவர் வழக்கத்தைவிட வெகு மேலே வந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வேன் நகர்ந்து கட்டையில் முட்டியது.

வேறு ஆளென்றால் இதோடு எழுந்து கை கழுவியிருப்பார். ஆனால் இது ஆட்டோமேட்டிக் வண்டி. கியரைப் பார்க்கிங்கில் போட்டால், கியர் பெட்டிக்குள் ஒரு பல் விழுந்து சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். நேற்று அண்ணி பார்க்கிங்கில் போட்டும் அது ஏன் பிடிக்கவில்லை? ஹேண்ட் பிரேக்கை விட்டு, பார்க்கிங்கில் மட்டும் போட்டுப் பார்த்தார். உள்ளே கறகறவென்று சத்தம். வேன் மறுபடி கட்டையில்.

வண்டி கிளம்பும்போது தகராறு செய்யுமா என்று, அண்ணனோடு பட்டறைக்கு வந்திருந்த அண்ணியிடம் கேட்டார்.

"கியர் லிவரை லேசா ஆட்டினாத்தான் கிளம்பும். இவரும் அப்படித்தான் ஆட்டுவாரு. வண்டியோட குணம்னு விட்டுட்டேன்."

மீண்டும் அடியில் புகுந்தார். கியர் லிவரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கம்பியின் முனையில் ரப்பர் உதிர்ந்திருந்தது. மேலே லிவர் பார்க்கிங்கைக் காட்டுகிறது. உள்ளே கியர் அதுவரை போய்ச் சேரவில்லை. ஆட்டாமல் வண்டி கிளம்பாததும் அதனால்தான்.

"பிரேக் கேபிள்ல ஏன்டா துரு?" என்று தனக்குத்தானே முனகினார். நாற்காலியில் இருந்த அண்ணன் வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "பார்க்கிங்... போட்டா போதும்னு..." இத்தனை வருஷத்தில் அவர் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டதே இல்லை.

"உங்களுக்கு எதுதான் போதாது? கல்யாணத்துக்கு எடுத்த சட்டையே இன்னும் போதும்ங்கறீங்க," என்றார் அண்ணி. அண்ணனின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

சந்தேகம் துணியில் கையைத் துடைத்தார். "உங்க கை நல்லாத்தான் இழுத்திருக்கு அண்ணி. ஆனா பிரேக் லிவர் அவ்வளவு மேல வந்தப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கணும். லிவரைத் தூக்கினாலே விளக்கு எரியும். சக்கரத்தைப் பிடிச்சிருக்கான்னு அதுக்குத் தெரியாது."

"சரி, அது என் தப்பு," என்றார் அண்ணி. ஒத்துக்கொள்ள அவருக்கு நேரமாகாது.

கேபிள், பின்சக்கர பிரேக் லைனிங், உதிர்ந்த ரப்பர் எல்லாம் மாற்றியாயிற்று. நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக். வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிங் என்று சொல்லிக்கொடுத்துச் சாவியை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை.

"நீ சொன்னாப் போதுமா? நாளைக்கு நாற்காலியில நீ உக்காரு."

மறுநாள் காலை, பயிற்சி நிலையத்தின் அதே சரிவில், சந்தேகம் பெல்ட் கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி அண்ணி வேனை நிறுத்தி, பலகையைப் போட்டு, அவரைப் பாதிவரை இறக்கி, வேண்டுமென்றே அங்கேயே நிறுத்தினார்.

"பயமா இருக்கா?"

"லேசா," என்றார் அவர், கைப்பிடியை விடாமல்.

அண்ணி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வேன் அசையவில்லை. பிறகு அவரைக் கீழே இறக்கி, பெல்ட்டை அவிழ்த்து, "எந்திரி, வீட்டுல இருக்கற உங்கண்ணனுக்கு நாற்காலி வேணும்," என்றார். நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு, கொழுந்தனை வீட்டுக்கு நடந்து வரச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பினார். கியர் லிவரை ஆட்டாமலே வண்டி கிளம்பியது.