எண்ணெய் மூஞ்சியும் முன் வரிசையும்

மிளகும் சீரகமும் பொரித்த நல்லெண்ணெய் வாசனை வீட்டுக்குள் கமழ்ந்தால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். அம்மா என்னை முக்காலியில் உட்காரவைத்து உச்சந்தலையில் ஆரம்பித்துக் கழுத்துவரை வழிய வழியத் தேய்ப்பாள், அப்புறம் எவ்வளவு சீயக்காய் போட்டாலும் என் முகம் மட்டும் சாயங்காலம்வரை பளபளவென்று மின்னிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே எனக்கு எண்ணெய் வழிகிற முகம். பள்ளிக்கூடத்தில் "எண்ணெய்ச் சட்டி" என்று பட்டப்பெயர். அப்பா அன்னவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர் இன்னும் வசதியாக ஒட்டிக்கொண்டது.

எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குக் கும்மி ஆடத் தேர்ந்தெடுத்தார்கள். முன் வரிசையில் நட்ட நடுவில் நான். ஆனால் ரிகர்சலில் மேக்கப் போட்டுப் பார்த்தபோது, மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பதவிசாக உட்கார்ந்த பவுடர் என் மூக்கில் மட்டும் திட்டுத் திட்டாகக் கரைந்து வழிந்தது. டான்ஸ் டீச்சர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விழா அன்னைக்கும் இப்படியே வழிஞ்சா பின் வரிசைக்குப் போயிரணும்மா, போட்டோவுல மூஞ்சியே விழாது" என்றார். கடையை ஒருநாளும் மூடாத அப்பா, நான் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே அன்று சாயங்காலம் சாத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். பின் வரிசையில் நின்றால், வளர்த்தியான பிள்ளைகளுக்கு நடுவே அவருக்கு என் கொண்டைகூடத் தெரியாது.

விழாவோ வெள்ளிக்கிழமை! "இன்னைக்கு மட்டும் எண்ணெய் வேணாம்மா" என்று கெஞ்சினேன். "நல்ல நாளும் அதுவுமா, நாலு பேரு பாக்குற எடத்துக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்காம போவாளாக்கும்" என்று அம்மா இன்னொரு கரண்டி சேர்த்தே ஊற்றினாள். அவள் பிடிவாதத்துக்கு முன்னால் என் அழுகை எம்மாத்திரம்?

சாயங்காலம், மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் டீச்சர் பூசிய பவுடர் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கூட வந்திருந்த அம்மா பவுடர் டப்பாவைக் கவிழ்த்து மேலே மேலே அப்பினாள். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து இட்லி மாவுப் பதத்துக்கு வந்து காதோரம் இறங்கியது. "கழுவிட்டு வா. பவுடர் நின்னா முன்னாடி, வழிஞ்சா பின்னாடி" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த அப்பா என் கோலத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் பறந்தார். கடலை மாவு எண்ணெயை எடுத்துவிடும் என்று யாருக்குத்தான் தெரியாது? ஒரு பொட்டலத்தோடு திரும்பியவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் அவரே தேய்த்துவிட்டார்.

"எரியுதுப்பா!" என்று குதித்தேன். அவசரத்தில் மனுஷன், மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து வைத்திருந்த பஜ்ஜி மாவை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "அய்யய்யோ, கூறுகெட்டுப் போயிட்டேனே, பொறுத்துக்க ஆத்தா" என்று தண்ணீரை வாரி வாரி அடித்தார். அம்மா அவரை வறுத்தெடுத்தாள். ஆனால் முகத்தில் பொட்டு எண்ணெய் இல்லை. மெலிசாக ஒற்றிய பவுடர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. "கன்னத்துல ரூஜ் அழகாப் போட்டிருக்கீங்களே, யாரு போட்டது?" என்று டீச்சர் கேட்டபோது அப்பா பொட்டலத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முன் வரிசை எனக்கே எனக்கு. எரிச்சலும் சந்தோஷமும் சேர்ந்து அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்படி ஓர் ஆட்டம் பிறகு நான் ஆடியதே இல்லை.

இறங்கி ஓடிவந்து, "மூஞ்சி மின்னுச்சாப்பா?" என்று கேட்டேன். அப்பாவின் கண்கள் நிறைந்து நின்றன. "எங்கிட்டுப் பாத்தேன், மொளகாப்பொடிக் கையோட கண்ணைக் கசக்கிட்டேன், ஒண்ணும் தெரியல" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தக் கையை அவர் குழாயடியிலேயே சோப்புப் போட்டுக் கழுவியதை நான் பார்த்திருந்தேன்.

இப்போது புதுக்கோட்டையில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறேன். வயது ஏற ஏற முகத்து எண்ணெயும் வற்றிவிட்டது. கல்யாண வீடுகளில் காலையில் போட்ட மேக்கப் பந்தி முடிகிறவரை அசைவதில்லை, எப்படி என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். போட்டோவிலும் முன் வரிசையில்தான் நிற்கிறேன். கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் என்னை மட்டுமே பார்த்து, பார்க்கவில்லை என்று பொய் சொல்வதற்குத்தான் அப்பா இல்லை.