கிள்ளிய இட்லி

பல்லடம் சாலை முதியோர் இல்லத்துச் சமையல்காரரின் கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். எதற்கென்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. வெந்த இட்லி ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத்தான் தட்டில் வைப்பார்.

அங்கே கேரம் பலகையை யாரும் தொடுவதில்லை. எல்லோரும் பனியன் கம்பெனியில் பழுதானதைச் செகண்ட்ஸ் என்று ஒதுக்கும் செக்கிங் வேலை பார்த்தவர்கள். இட்லியைச் செக்கிங் பார்ப்பதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

அம்மா அங்கே சேர்ந்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு ஓடினேன். அடுப்படியில் சமையல்காரர் இட்லியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்ல இட்லியை ஏனுங்க கெடுக்கறீங்க?"

"கிள்ளாட்டி பாஸ் ஆயிருமுங்க. எக்ஸ்போர்ட்டுக்குன்னு ஓரமா எடுத்து வெச்சிருவாங்க. ஆயுசு பூரா செகண்ட்ஸ் பனியன் போட்டவங்க பர்ஸ்ட் குவாலிட்டியத் தொடுவாங்களா? புதுசா வந்தவங்கன்னு உங்கம்மாளுக்கு முழுசா வெச்சுட்டனுங்க. என் தப்புத்தான்."

கிள்ளிய இட்லிகள் அம்மாவிடம் போயின. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். விரல் பழுதைக் கண்டுகொண்டது. "செகண்ட்ஸ்தான்," என்று நிம்மதியாக நான்கைத் தின்றாள்.

அவர் எனக்கும் தட்டு நீட்டினார். முழு இட்லி, வெள்ளை வெளேரென்று.

"நீங்க வெளிய இருந்து வந்தவீங்க. எக்ஸ்போர்ட்டே சாப்புடலாமுங்க."

அம்மா கொண்டுவந்த செகண்ட்ஸ் பனியனில் வளர்ந்தவன் நான். கை அதன்மேல் போகவே இல்லை.

"ஒரு கிள்ளு கிள்ளிக் குடுத்துருங்க," என்றேன்.