பிள்ளைகள் எங்கே என்று கேட்ட வாசகி

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு என் கைபேசியில் பார்வதி அக்காவின் பெயர் விழுந்தது. மூன்று நாளாக மழை விடவில்லை. அப்படியொரு மழையில், அந்த நேரத்தில், பெரகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் பதுளையில் இருக்கிற எவருக்கும் முதலில் வருகிற நினைப்பு ஒன்றுதான். எடுத்தேன். பேசியது அக்கா இல்லை, அவருடைய தங்கை சாந்தி.

“சார், அக்கா போயிட்டாங்க.”

“மண்ணோ? மண் சரிஞ்சிட்டுதோ?” என்றேன்.

“இல்லைங்க சார். வெடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. லொறி புடிச்சுப் பாதி தூரம் வர்றதுக்குள்ள அடங்கிருச்சு.”

மண் இல்லை என்று கேட்டதும் ஒரு கணம் என் நெஞ்சு லேசானது. அக்காவின் சாவுச் செய்தியைக் கேட்டு முதலில் எனக்கு வந்தது ஆறுதல். அதை நினைத்து இன்னும் கூசுகிறேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இப்படியான விஷயங்களை மறைக்காமல் சொல்லும் பழக்கம் அக்காவுக்கு இருந்தது.

‘எஞ்சிய படை’ வாசகர் வட்டத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவருடைய குரலை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். முகம் தெரிந்தவன் அநேகமாக நான் மட்டும்தான். வட்டத்துக்கு வெளியே இதை வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: ‘எஞ்சிய படை’ இருபத்தாறு பாகங்களாக வந்துகொண்டிருக்கும் கதைத்தொடர். உலகம் பெருநோயாலும் போராலும் அழிந்த பிறகு, மிச்சமான ஒரு சிறு படை தன் தளபதியின் பின்னால் பாழ்நிலங்களைக் கடந்து போகிறது. துப்பாக்கிகள், பதுங்கித் தாக்குதல்கள், வெடித்த பாலங்கள். வாசிக்கிற எங்களில் பெரும்பாலோர் ஆண்கள். வட்டத்தில் நடக்கும் பேச்சும் எந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்பதைச் சுற்றியே இருக்கும்.

அக்கா ஆறு வருடத்துக்கு முன் வட்டத்தில் சேர்ந்தார். கைபேசியில் தமிழ் தட்டெழுத வராததால் குரல்பதிவாகத்தான் கருத்துச் சொல்வார். முதல் பதிவில் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. “சார்மாரே, பதிமூணாவது பாகத்துல தளபதி பத்தொம்பது புள்ளைங்கள மீட்டாரு. பதினாலாவது பாகத்துல படை மூணு நாள்ல மலையைத் தாண்டுது. புள்ளைங்களத் தூக்குனது யாரு? அதுக்குப் பால்மா எங்க? மறந்தது தளபதியா, எழுதுனவரா?” என்று கேட்டார். யாரோ ஒருவர் சிரிப்பு முகங்களை வரிசையாகப் போட்டு, “இது யுத்தக் கதை, பிள்ளைக்காம்பரா இல்லை” என்று எழுதினார். அதற்கு அக்காவின் பதில் ஐந்து நொடி: “நான் புள்ளைக்காம்பரா ஆயா தாங்க.”

அப்படித்தான் அவர் யாரென்று எங்களுக்குத் தெரிந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கட்டிடத்தை இருபத்தெட்டு வருடமாக நடத்தி வந்தவர்.

பதுளைப் புத்தகக் கடையில் புதுப் பாகம் வந்ததும் அவருக்கு ஒன்று வாங்கி, அப்புத்தளையில் ஒரு பலசரக்குக் கடையில் கொடுத்துவைப்பது என் வழக்கமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கண்டேன். ஒல்லியான, உயரமான பெண். குடையை மடக்காமலே கடை வாசலில் நின்று முதல் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தாக்குதல் காட்சியொன்றைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். குறை மட்டும் சொல்கிறவர் என்று நினைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்தத் தொடரை அவரளவு நேசித்தவர் நம்மில் இல்லை.

“உங்களுக்கு ஏனக்கா இந்தக் கதை பிடிச்சது?” என்று கேட்டேன்.

“எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு லயத்து வீடுங்க அத்தனையும் மண்ணுக்குள்ள போயிருச்சு சார், நான் சின்னப் புள்ளையா இருக்கயில. எல்லாரும் அழுதாங்க, சாமி கும்புட்டாங்க. அடுத்த நாள் என்ன செய்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் புத்தகத்துல அடுத்த நாள் இருக்கு.”

பத்தொன்பதாம் பாகம் வந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றைக் கடக்கும்போது தளபதி முகாமிலிருந்த குழந்தைகளை அக்கரையிலேயே விட்டுவிட்டுப் படையைக் காப்பாற்றுகிறார். வட்டம் முழுக்க ‘எப்பேர்ப்பட்ட முடிவு’ என்று கொண்டாடியது. அக்கா ஏழு நிமிடம் பேசினார். தளபதி அழுவதற்கு ஒரு பக்கம் கொடுத்த ஆசிரியர், குழந்தைகளின் பெயர்களுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை என்றார். வட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில் அந்தப் பதிவை நான் ஆசிரியருக்கு அனுப்பினேன். ‘போர்க்கதையில் எல்லாரையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது’ என்று பதில் வந்தது. சிலர் அக்காவை வட்டத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். ஆசிரியர் வட்டத்தோடுள்ள தொடர்பை விட்டுவிடுவாரோ என்ற பதற்றத்தில் நான் செய்தது இதுதான். அக்காவை அழைத்தேன்.

“அக்கா, நீங்கள் கேட்டது பிழையில்லை. ஆனா கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. அவர் கோவிச்சுக்கொண்டு போனா நாங்கள் என்ன செய்யிறது?”

“நான் குத்தம் சொல்றதுக்குக் கேக்கல சார். பயத்துல கேட்டேன். காலையில தாய்மாரு புள்ளைங்கள என் கையில குடுத்துட்டு மலைக்குப் போயிடுறாங்க. படிக்கயில எனக்கு அந்த அக்கரைதான் கண்ணுல நிக்குது. பயந்தா சொல்லக்கூடாதா?”

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் வட்டத்தில் பேசவில்லை. புத்தகத்தை மட்டும் கடையில் எடுத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு இடமில்லை.

போன வருடக் கடைசி மழையில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு அவரே அழைத்தார். நான் அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், பின்பக்கச் செவுத்துல விரிசல் விட்டிருக்கு. நேத்து விரல் நுழையல, இன்னைக்கு நுழையுது. மேல வடிகாண்ல போற தண்ணி கலங்கலா வருது. புள்ளைங்க பதினாலு பேரு இருக்கு. என்ன செய்யட்டும்?”

“தோட்டத் தொரையிட்ட அனுமதி எடுங்கோ அக்கா. எடுக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ.”

“தொரை கொழும்புக்குப் போயிருக்காரு. அனுமதி வர்ற வரைக்கும் மண்ணு நிக்குமா?”

அக்கா வைத்துவிட்டார். அன்று முழுக்க ஐந்து நிமிடத்துக்கொரு முறை கைபேசியைப் பார்த்தேன். கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவர் போகாமல் இருந்து மண் வந்தால் அது என் வார்த்தையால் வந்தது. போய், வழியில் ஒரு குழந்தை விழுந்தால்? மூன்று மணிக்குப் பதிவு வந்தது: “கோயில் மண்டபத்துல இருக்கோம்.”

பிறகு அறிந்தது: இரண்டு குழந்தைகளை இடுப்பில் சேலைத்துணியால் கட்டிக்கொண்டு, மற்றவர்களை அடுத்த லயத்துப் பெண்கள் மூவரை வைத்துத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் பாதையில் நான்கு தடவை ஏறியிறங்கியிருக்கிறார். சாயங்காலம் மலையிலிருந்து திரும்பிய தாய்மார் பூட்டிய கட்டிடத்தைக் கண்டு அலறியடித்து ஓடிவந்தார்கள். ஒருத்தி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் ஏசினார்.

மண் சரியவில்லை. நான்கு நாளில் வெயில் வந்தது. யாரிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோனாய் என்று விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். வட்டத்திலும் ஒருவர் ‘தளபதி பார்வதி’ என்று கேலிப்படம் போட்டார். அதை நான் அழிக்கவில்லை. அக்கா விளக்கக் கடிதத்தை என்னிடம் வாசித்துக்காட்டினார். இரண்டே வரி. “பதினாலு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தேன். பதினாலு பிள்ளைகளையும் ஒப்படைத்தேன்.”

“மண் வரேல்லையே எண்டு கேப்பினம் அக்கா,” என்றேன்.

“வராததுக்கு நான் சந்தோசப்படுறேன் சார். அவங்க ஏன் கோவப்படுறாங்கன்னுதான் வெளங்கல.”

ஒரு மாதம் கழித்து அதிகாரிகள் வந்து சரிவைப் பார்த்தார்கள். கட்டிடம் ஆபத்தானது, பாவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைக்காம்பரா பழைய வாசிகசாலைக்கு மாறியது. யாரும் அக்காவிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கேலிப்படத்தோடு ஒதுங்கியிருந்த வட்டத்தில் மறுபடி பேசத் தொடங்கினார், இருபத்தைந்தாம் பாகத்தில் படைக்கு உப்பு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு.

வியாழக்கிழமை அடக்கம். வட்டத்திலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். தப்புச் சத்தம் மழையில் நனைந்து கேட்டது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கியவள் என்று சாந்தி காட்டிய பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். ஆசிரியர் ஒரு வரி அனுப்பியிருந்தார்: ‘என்னை மிகவும் பயப்படுத்திய வாசகி.’ அதைச் சாந்தியிடம் காட்டினேன்.

“அக்கா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க,” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுக்கப்புறம் இன்னொரு கேள்வி கேட்டிருப்பாங்க.”

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பதுளையில் எங்கள் வீடு ஒரு வெட்டிய மண்மேட்டின் அடியில் நிற்கிறது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி கிடந்திருக்கிறேன். மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்பிள்ளை, அதுவும் போர்க்கதை வாசிக்கிறவன். பண்டாரவளை தாண்டியதும் அவளை அழைத்தேன்.

“பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு இப்பவே பெரியக்கா வீட்டை போ. மழை விடுமட்டும் அங்கை நிப்பம்.”

“ஏனப்பா, ஆரும் ஏதும் சொன்னவையோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். “எனக்கும்தான்,” என்றாள். “கன காலமா.”

பார்வதி அக்காவின் புத்தகங்களைச் சாந்தி வைத்துக்கொள்ளட்டும். அவருடைய குரல்பதிவுகள் வட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, பயமாக இருக்கிறது என்று பகலில், வாய்விட்டு, வீட்டு ஆட்களிடம் சொல்லும் துணிச்சல். அது எனக்குப் பிந்தித்தான் வந்தது. அன்று நானும் மனைவியும் பிள்ளைகள் மூவரும் என் பெரியக்கா வீட்டில் சாப்பிட்டோம்.