ஆக்ராவில் வெடித்த ஸ்டவ்

1. டூர் பஸ் சமையல்

எண்பதுகளின் பிற்பாதியில் நரிக்குடிப் பக்கம் அடுத்தடுத்து மழை பொய்த்தது. கண்மாய் பெருகவில்லை, நெல் போடவில்லை. கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கும் வேலை நின்றுபோனது. விளைச்சல் இல்லாத வருடத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? அந்த நேரத்தில்தான் அருப்புக்கோட்டையில் டூர் பஸ் விட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள்.

“ஏலே சவரிமுத்து, சம்பளத்தோட இந்தியா பூராவும் சுத்திப் பாக்கலாம். கசக்குதா?” என்றார்.

கசக்கவில்லை. என் தங்கை மேரியின் புருஷன் பால்ராஜையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

போன பிறகுதான் வேலை புரிந்தது. ஆட்கள் இறங்கிச் சுற்றிப்பார்க்கக் கிளம்பியதும் நாங்கள் டிக்கியைத் திறந்து அண்டா, ஸ்டவ், அரிசி மூட்டையை இறக்குவோம். அவர்கள் திரும்பும்போது சோறும் சாம்பாரும் பொரியலும் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கழுவி ஏற்றினால் பஸ் கிளம்பிவிடும். கொனார்க்கிலும் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் எனக்குத் தெரிந்தது பார்க்கிங்கும் தண்ணீர்க் குழாயும்தான். ஹௌரா பாலத்தை மட்டும் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். மடியில் வெங்காயக் கூடை இருந்தது.

2. எல்லோரா

நான் சொல்லவந்த டூரில் மல்லாங்கிணற்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். எங்களைப் போலவே கிறிஸ்தவர். எந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் எங்கள் பக்கம் உட்கார்ந்து விவரம் சொல்லுவார். மற்றவர்கள் சாம்பாரில் உப்பு கூடியதை மட்டும் சொல்லுவார்கள். அதனால் அவர் மேல் எங்களுக்குத் தனி மரியாதை.

எல்லோராவில் கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பேச்சே திக்கியது.

“ஒரே மல சவரிமுத்து! மேலருந்து கீழ செதுக்கிக்கிட்டே எறங்கிருக்கான். அஸ்திவாரமே இல்ல. ஒரு எடத்துல தப்பா வெட்டுனாலும் ஒட்டவைக்க முடியாதுல்ல?”

பால்ராஜ் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்டான். அப்போது அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தார். நான் காலையிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, பெரிய ஸ்டவ்வு டேங்குல ஈயம் வச்சுப் பத்தவச்ச எடத்துல மண்ணெண்ணெய் கசியுது. அவுரங்காபாத்துல புதுசு ஒண்ணு எடுத்துருவோம்.”

“ஊருக்குப் போயிப் பாத்துக்குவோம். நடுவழியில புதுச்செலவு வைக்காத.”

“நெருப்பு வெளையாட்டுங்க அண்ணாச்சி.”

“ஒனக்குப் பயமா இருந்தா எறங்கிக்க. ஊருல ஆளா இல்ல?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “அடுத்து எகிப்து, ஜெருசலேம்னு டூர் போடப் போறேன். பிரமிடும் பாக்கலாம், ஆண்டவரு கல்லறையும் பாக்கலாம். பாஸ்போர்ட்டு எடுத்து வச்சுக்க. நீதான் சமையலு.”

ஹெட்மாஸ்டர் தட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஸ்டவ்வ பாத்துக் கையாளுங்கப்பா” என்று எங்களிடம் சொன்னார்.

3. ஆக்ரா

ஆக்ராவில் சமையல் முடிந்ததும் ஆள் மாற்றி ஆள் தாஜ்மகாலைப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் பால்ராஜும் பேசி வைத்திருந்தோம். ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பால்ராஜ் ஸ்டவ்வுக்குக் காற்றடித்தான்.

வெடித்த சத்தத்தில் அரிசியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவனுடைய சட்டையும் வலது கையும் எரிந்துகொண்டிருந்தன. சாக்கை நனைத்துப் போர்த்தினேன். பக்கத்து டீக்கடைக்காரர் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். பாஷை தெரியாத ஊரில் “ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி” என்று கத்திக்கொண்டே அவனை மடியில் போட்டுக்கொண்டு போனேன்.

சாயங்காலம் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. அண்ணாச்சி கட்டிலருகே நின்று பார்த்தார்.

“வைத்தியம் நடக்கட்டும். நீ ஏறு. பஸ்ஸுல அத்தன பேரும் மத்தியானம் பழத்தத் தின்னுட்டுக் கெடக்காக.”

“இவன விட்டுட்டு எப்புடி அண்ணாச்சி வாரது?”

“வராட்டி இனிமே வரவே வேணாம். எகிப்தும் கெடையாது.”

“சரிங்க, நான் வரல” என்றேன்.

ஹெட்மாஸ்டர் உள்ளே வந்து பால்ராஜின் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். பிறகு அவரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வாரக்கணக்கில் அங்கே இருந்தோம். தாஜ்மகால் ரிக்‌ஷா தூரத்தில்தான் இருந்தது. எப்படியும் போய்ப் பார்த்திருப்பேன் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். நான் போகவில்லை. கட்டுப் பிரிக்கும்போது அவன் போட்ட சத்தம் காதிலேயே இருந்தது. பிழைத்துவிட்டான். வலது கை விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கிவிட்டன.

4. மல்லாங்கிணறு

ஊருக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் நஷ்ட ஈடு கேட்டோம். “அவன் காத்த ஓவரா அடிச்சிருக்கான். ஸ்டவ்வு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். லேபர் ஆபீசுக்குப் போனோம். டேங்கு கசிந்ததை முன்கூட்டியே சொன்னதற்குச் சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். படித்தவர், நாலு பேர் மதிக்கிறவர் கூடவே நின்று கேட்டிருக்கிறாரே!

பால்ராஜையும் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வரவேற்று உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

“நான் டூருக்கு வந்தவன் தம்பி. ஸ்டவ்வப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

“ஸ்டவ்வப் பத்திச் சொல்ல வேணாம் சார். எல்லோராவுல நான் அண்ணாச்சிட்ட சொன்னதக் கேட்டீக. அத மட்டும் சொன்னாப் போதும்.”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லப்பா.”

காப்பி கொண்டுவந்த அவர் சம்சாரத்துக்கு நாங்கள் எதற்காக வந்தோம் என்று தெரியாது. “நீங்களும் எகிப்துக்கு வாரீகளா? இவுகளுக்கு ஜெருசலேம் பாக்கணும்னு ரொம்ப நாளு ஆச. அண்ணாச்சியே ஒரு சீட்டு சும்மா தாரேன்னுட்டாக” என்றார். ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பால்ராஜ் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தான். “வாங்க மச்சான், பஸ்ஸு வந்துரும்” என்றான். காப்பி அப்படியே இருந்தது.

சாட்சி இல்லாமல் எங்கள் மனு நிற்கவில்லை. எகிப்து போய்வந்த ஹெட்மாஸ்டர் தங்கள் சபையில் பிரமிடைப் பற்றிப் பேசினாராம். வெயிலில் அந்தக் கல்லை இழுத்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது கண் கலங்கினாராம். கூட்டத்திலிருந்த என் சொந்தக்காரர் ஒருவர் அதை உருகி உருகிச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

டூர் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கசிகிற ஸ்டவ்வைப் பற்றவைக்காதீர்கள். முதலாளியிடம் சொல்லியாயிற்று, பெரிய மனிதர் ஒருவர் காதிலும் விழுந்துவிட்டது என்ற தைரியத்தில் அதைத் தொடாதீர்கள். வேலை போனால் போகட்டும். பால்ராஜுக்கு இடது கையால் சாப்பிட மனம் வரவில்லை. இன்றைக்கும் மேரிதான் பிசைந்து ஊட்டுகிறாள்.