சனிக்கோளுக்கு ஸ்டூல் போடுகிறவள்

தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போடுகிற வேலைக்கு வந்தால், வானத்தைவிட மனுஷங்க முதுகைத்தான் அதிகம் பார்க்கணும். எங்கேயாவது வரிசையைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்து கார்பார்க் மொட்டை மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் சனிக்கோளைக் காட்ட வட்டாரக் குழு தொலைநோக்கி வைக்கும். பொறுப்பு மிஸ்டர் டான். நான் ஏழாவதோடு நின்றவள், நாலு பேர் எதிரே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பேச வேண்டாம், ஸ்டூல் போட்டா போதும்" என்றார். குழந்தை பிறந்த பிறகு கிடைத்த முதல் வேலை. சரி என்றேன்.

கோணல் ஸ்டூல்

மிஸ்டர் டான் ஸ்டூலை நேராக வைப்பார். என் கை அதைச் சாய்த்து வைத்துவிடும். கோயிலில் சனீஸ்வரன் எதிரே நேராக நிற்கக் கூடாது என்று ஒதுங்கி நின்றே பழகின கை. "ஏன் எப்பவும் செங்கெட்?" என்பார், மலாயில் கோணல் என்று. எப்படி விளக்குவது? "சாரி" என்பேன்.

ஒருநாள் தேக்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஸ்டூல் நேராக இருந்ததைப் பார்த்ததும் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் கோணலாகத் திருப்பியதும் ஏறி, ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரே ஆங்கிலத்தில் காரணத்தையும் சொன்னார். மிஸ்டர் டான் தலையைச் சொறிந்தார்.

"ஓகே லா. உங்க சாமி, உங்க ரூல்."

காணாமல் போன வளையம்

நான் சேர்ந்த வருஷம் வளையம் தொப்பி விளிம்பு மாதிரி அழகாக இருந்தது. அடுத்த வருஷம் ஒடுங்கியது. இந்த வருஷம் சனியின் குறுக்கே ஊசி செருகின மாதிரி ஒரே ஒரு கோடு. வந்தவர்கள் முகம் சுளித்துப் போனார்கள், கூட்டம் பாதியானது. இப்படியே போனால் டிசம்பரோடு நிறுத்திவிடுவோம் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அதோடு என் ஸ்டூல் வேலையும் போகும்.

அன்றைக்குப் பார்த்து, கட்டட வேலை செய்யும் நம்ம ஊர்த் தம்பி செல்வம் கூட்டாளிகளோடு வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கேக்கா வளையம்? சனி பகவான் அடகு வச்சுட்டாரா?"

ஆரஞ்சும் தட்டும்

என் மகளும் அதையேதான் கேட்டாள். பேப்பர் தட்டின் நடுவில் ஓட்டை போட்டு ஓர் ஆரஞ்சைச் செருகினேன். தட்டைச் சாய்த்தால் அகலம். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வெறும் கோடு. மிஸ்டர் டான் எனக்குச் சொன்னதும் அதுதான்.

அடுத்த வாரம் அதைக் கொண்டுபோனேன். "வளையம் எங்கேயும் போகலீங்க. இப்ப நம்ம கண்ணுக்கு அதோட ஓரம்தான் தெரியுது" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். முன்னால் நின்ற துணிக்கடை காதர் பாய், "பக்கவாட்டுல பார்த்தா இவ்வளவு ஒல்லியா!" என்று வியந்தார். அவர் மனைவி விடவில்லை.

"உங்க கதை நேர்மாறுங்க. பக்கவாட்டுல பார்த்தாத்தான் தொப்பையே தெரியுது."

தலைவர் வந்த நாள்

டிசம்பரில் தலைவர் வந்தார். மேகம் விலகி நின்றது, ஆரஞ்சுத் தட்டின் பேச்சு பரவி வரிசையும் நீளம். தட்டை எடுத்தால் ஆரஞ்சு இல்லை. பையோடு உட்கார்ந்திருந்த மகள் கையில் தோல்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் ஓட்டைக்குள் என் கையை விட்டு, முஷ்டியை மடக்கித் தூக்கிப் பிடித்தேன். தட்டு எங்கே கோடாகிறது என்று தலைவர் முட்டியை மடக்கி உட்கார்வதும் எழுந்து பார்ப்பதுமாக இருந்தார். அப்புறம் தொலைநோக்கியில் பார்த்தார்.

"இந்தக் கோடு எப்போ மறுபடி தட்டாகும்?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஸ்லோவா லா, சார். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா விரியும். முழுசா விரிய இன்னும் பல வருஷம் ஆகும்."

அவர் மிஸ்டர் டானைப் பார்த்தார்.

"அப்ப எப்படி நிறுத்துறது? விரியறதைப் பார்க்க வேணாமா?"

வளையம் பளிச்சென்று தெரிந்த வருஷமெல்லாம் வெறும் ஸ்டூல் போடுகிறதாக இருந்த என் வேலை, அது கண்ணிலேயே படாத வருஷத்தில்தான் உறுதியாயிற்று.