விசாவின் நான்கு மூலைகள்

செங்கம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கிறேன். சென்னை பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, வாழ்க்கையில் முதல் வெளிநாடு. காலையிலிருந்து காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

விசா போனிலேயே இருக்கிறது என்கிறேன். கடைக்கார அக்கா விடவில்லை.

"சார்ஜ் போச்சுனா ஆபீசர்கிட்ட இன்னா காட்டுவீங்க? பேப்பர் ஒண்ணு எடுத்துக்கோங்க."

தாள் சூடாக வெளியே வருகிறது. முதல் பயணம் என்று சொன்னதுதான் தாமதம், சாமி படத்தின் கீழிருந்த மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் அழுத்தித் தடவுகிறார். நான்காவது மூலையில்தான் க்யூஆர் கோடு இருக்கிறது.

பதறிப்போய்த் தன் போனால் ஸ்கேன் செய்கிறார். ஒன்றும் வரவில்லை.

"ஐயோ, கை தானா போயிடுச்சுங்க!"

நாக்கைக் கடித்துக்கொள்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

விரலை நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு தாள் எடுத்து, நுனியை மட்டும் பிடித்து நீட்டுகிறார். பழையதைக் கசக்கப்போன என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இது ஆபீசருக்கு. அத பத்திரமா வெச்சுக்கோங்க. அது நீங்க நல்லபடியா திரும்பி வர்றதுக்கு."