செக்கரும் கப்பல் கோட்டும்

சகலையிடமிருந்து வந்த செய்தியைச் செக்கர் மூன்று முறை படித்தார். முதலில் கண்ணாடி இல்லாமல், பிறகு கண்ணாடியோடு, அப்புறம் பால்கனி வெளிச்சத்தில் போய் நின்றுகொண்டு.

"அண்ணே, கப்பல்ல ரெண்டு நாள் ஃபார்மல் டின்னர் இருக்கு. ஆம்பளைங்க கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, போ டை போடணும். கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி நிக்குமே, அது. மறந்துடாதீங்க."

கடைசியில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று. அந்த மூஞ்சிதான் அவரை உறுத்தியது.

"எதுக்குச் சிரிக்கிறான்?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"யாரு?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன். கோட்டு போடணும்னு சொல்றதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அது எல்லாரும் போடுற மூஞ்சிங்க. தைக்கக் குடுத்துட்டு வாங்க, இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

செக்கர் தைக்கக் கொடுக்கவில்லை. விசாரணையை ஆரம்பித்தார்.

இருபத்தெட்டு வருஷம் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். சொந்தப் பெயர் ஓய்வூதியக் காகிதங்களோடு சரி. வீட்டுக்கு வெளியே எல்லாருக்கும் செக்கர்தான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. செக்கர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவன் நம்மைத்தான் பார்ப்பான், நல்லா இருக்கீங்களா என்று கேட்கப்போகிறவன் மாதிரி பார்ப்பான் என்பார். கேட்காமலே டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறவனை இரண்டு முறை சோதிப்பார். கல்யாணமான மறுவாரமே, தம் வண்டியில் ஏறிய மனைவியிடம் எல்லார் முன்னாலும் டிக்கெட் கேட்டவர். அவள் எடுத்திருந்தாள். எடுத்திருந்ததால்தான் அந்தக் கல்யாணம் நிலைத்தது என்று சகலை எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிப்பான்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டின் தேதி, லிஃப்டில் ஒட்டியிருக்கும் பழுதுபார்ப்புத் தாள், எரிவாயு கொண்டுவருகிறவரின் அடையாள அட்டை என்று எதையும் விட்டுவைக்கமாட்டார்.

சகலை விஷயத்தில் சந்தேகப்பட அவருக்குத் தனிக் காரணமும் உண்டு. சகலை குளியலறை ஓடுகள் விற்கிறவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் புதுக் கடை திறந்தபோது, குடும்பத்து ஆண்கள் எல்லாரும் மஞ்சள் சட்டையில் வருவதாகச் சொன்னான். செக்கர் கடைகடையாக அலைந்து மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றால், அங்கே இருந்த ஒரே மஞ்சள் அவர்தான். "முந்தாநாளே மாத்திட்டோமேண்ணே, உங்களுக்குச் சொல்லலையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் கடைக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

இப்போது அதே ஆள் கப்பலுக்குக் கூப்பிடுகிறான். நிறைய ஓடு விற்றதற்குக் கம்பெனி கொடுத்த பரிசாம். நாலு பேர், ஏழு நாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று பெண்கள் இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். இதற்கு மேல் கழுத்தில் பட்டாம்பூச்சி வேறு.

செக்கர் முதலில் கப்பல் கம்பெனிக்குத் தொலைபேசி போட்டார். எடுத்த பெண், "கோட்டு சூட்டு நல்லா இருக்கும் சார்" என்றாள். மறுநாள் வேறொருவர் எடுத்து, "கோட்டும் டையும் இருந்தா போதும், போ டை உங்க இஷ்டம்" என்றார். மூன்றாம் நாள் பேசியவர், "கண்ணியமா இருந்தா சரி சார்" என்று வைத்துவிட்டார். ஒரே கேள்விக்கு மூன்று சாட்சி, மூன்று வாக்குமூலம். பேருந்தில் இப்படி மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினால் செக்கர் மூவரையும் இறக்கிவிட்டிருப்பார்.

கடைசியாகத் தெருமுனைத் தையற்காரரிடம் போனார். தையற்காரர் ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார்.

"போ டையா? முப்பது வருஷமா தைக்கிறேன் சார். ஹோட்டல் சப்ளையருங்களுக்குத்தான் மொத்தமா தைச்சுக் குடுத்திருக்கேன். மத்தவங்க யாரும் கேட்டதில்ல."

அத்தோடு வழக்கு முடிந்தது. ஊரே சட்டையில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் சப்ளையர் கோலத்தில் போய் நிற்கவேண்டும்; சகலை படமெடுத்துக் கல்லாவுக்கு மேலே இரண்டாவது ஆணி அடிக்கவேண்டும். அதுதானே திட்டம்? செக்கர் சாம்பல் நிறக் காற்சட்டை ஒன்றையும் வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்றையும் மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"கோட்டு எடுத்து வச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோது, "எல்லாம் ஆச்சு" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அவருக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது. ஆனால் கிளம்புகிற அவசரத்தில் அதைத் துருவ நேரமில்லை.

கப்பல் ஏறிய இரண்டாம் நாள்தான் முதல் ஃபார்மல் டின்னர். காலையிலிருந்தே செக்கர் தளம் தளமாக நடந்து ஆட்களை நோட்டம் விட்டார். நீச்சல் குளத்தருகே அரைக்கால் சட்டைகள். படிக்கட்டில் ரப்பர் செருப்புகள். ஓர் ஆள் துண்டைக் கட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் வரிசையில் நின்றான். இவர்களா சாயங்காலம் கோட்டு மாட்டப்போகிறார்கள்? காப்பிக் கடைக்குப் போனார். அங்கே காப்பி கொண்டுவந்தவரின் கழுத்தில் கறுப்புப் பட்டாம்பூச்சி! செக்கர் அதையே உற்றுப் பார்த்ததில் அந்த மனிதர் தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அறையைச் சுத்தம் செய்ய வந்தவரிடம் கேட்டார். "இன்னைக்கு எல்லாரும் கோட்டு போடுவாங்களா?"

"போடுறவங்க போடுவாங்க சார்" என்று அவர் தலையணையைத் தட்டினார்.

மதியம் சகலை வந்து பக்கத்துச் சாய்வு நாற்காலியில் படுத்தான். "அண்ணே, கோட்டு இருக்குல்ல?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். "போ டையும் இருக்குல்ல?"

"இருக்குன்னேன்ல."

எழுந்து போனவன் திரும்பி வந்தான். "இல்லண்ணே, அந்த டைனிங் ஹால்ல கொஞ்சம் கண்டிப்பா இருப்பாங்க. அதான் கேட்டேன்."

ஒரே விஷயத்தை மூன்று முறை கேட்கிறவனை எந்த வண்டியிலும் நம்பக்கூடாது. செக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் ஏழு மணி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் திரும்ப முடிகிற அந்த அறையில் மனைவி நீலப் பட்டுச் சேலையில் நின்றாள். செக்கர் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோட்டு?"

"எல்லாம் அவன் வேலை. கோட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வா, நீயே வந்து பாரு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வாங்க பார்ப்போம்" என்றாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆறு ஆண்கள், ஆறு கோட்டுகள். கூடத்துக்குப் போகிற அகலப் படிக்கட்டு முழுக்கக் கறுப்பும் கருநீலமுமாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் துண்டோடு ஐஸ்கிரீம் வாங்கிய ஆள் கோட்டுக்குள் ஒரு நீதிபதி மாதிரி நடந்து போனான்.

வாசலில் நின்ற மேலாளர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "மன்னிக்கணும் சார், இன்னைக்கு இங்க கோட்டு வேணும். மேல பன்னிரண்டாம் தளத்துல சாப்பாடு இருக்கு. அங்க எந்த உடுப்புலயும் வரலாம். கொஞ்சம் ஓரமா நின்னீங்கன்னா பின்னால வர்றவங்க..."

'கொஞ்சம் ஓரமா.' அந்த இரண்டு சொல்லைச் செக்கர் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லும்போது மற்ற பயணிகள் என்ன செய்வார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். தங்கள் கைகளைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், இல்லாத எதையோ பையில் தேடுவார்கள். இங்கேயும் வரிசையில் நின்றவர்கள் அச்சு அசலாக அதையே செய்தார்கள். இறக்கிவிடப்பட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் அவருக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. காது மடல் சுட்டது.

"நீ உள்ள போ. தங்கச்சி காத்துக்கிட்டு இருப்பா" என்றார் மனைவியிடம். அவள் தயங்கினாள். "போ, சொல்றேன்ல" என்று கொஞ்சம் அதட்டினார். பிறகு படியில் எதிர்த்திசையில் ஏறினார்.

பன்னிரண்டாம் தளத்தில் ஈரத் தலையோடு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. செக்கர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. கால் மணி நேரத்தில் சகலை வந்தான். கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி, கையில் நீளமான துணி உறை.

"எந்திரிங்கண்ணே. இதைப் போட்டுக்கங்க."

உறைக்குள் இன்னொரு கறுப்புக் கோட்டு இருந்தது. செக்கர் கழுத்துப் பட்டியைப் புரட்டி அளவைப் பார்த்தார். அவருடைய அளவேதான்.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் சொன்னாங்க. பெட்டியில கோட்டு இல்லன்னு பார்த்ததும் எனக்கு போன் பண்ணிட்டாங்க."

ஆக, அவருடைய பெட்டியைச் சோதனை போட்டிருக்கிறாள்! செக்கர் கோட்டை நாற்காலி முதுகில் தொங்கவிட்டார். பிறகு, "எனக்காக நீ ஏன் இவ்வளவு மெனக்கெடுற?" என்றார்.

"என்னண்ணே கேள்வி இது..."

செக்கர் சும்மா பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் பார்த்த அதே பார்வை. அதற்கு முன்னால் நின்ற எவனும் இருபது எண்ணுவதற்குள் வாயைத் திறந்துவிடுவான். சகலை பன்னிரண்டிலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"மூணு வருஷம் முன்னாடி கம்பெனி கடைக்காரங்களை மட்டும் இதே மாதிரி கப்பல்ல கூட்டிட்டுப் போச்சு இல்ல? அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. பூப் போட்ட சட்டையில போய் நின்னேன். வாசல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கூட வந்த கடைக்காரங்க அத்தனை பேரும் பார்த்துட்டு நிக்கிறாங்க. ஒருத்தன், 'ஓடு விக்கிறவன் ஓடிட்டான்'னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவன் பட்டாம்பூச்சியைத் தளர்த்திக்கொண்டான். "மேல வந்து தனியா ஒரு சூப்பைக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். வீட்ல வந்து, பெரிய விருந்து, நடுவுல பனிக்கட்டியில செதுக்கின அன்னம்னு அடிச்சு விட்டேன். அவ அதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கா. உங்களுக்கும் இப்படி ஆகக்கூடாதுன்னுதான், இல்லன்னு உங்க வாயால வந்தா உடனே குடுத்துடலாம்னு, திரும்பத் திரும்பக் கேட்டேன். நானா நீட்டினா ஏன்னு கேப்பீங்க, இதையும் சொல்லணுமே."

சிரிக்காமல் இவ்வளவு நேரம் சகலை பேசிச் செக்கர் பார்த்ததே இல்லை. இதுவும் புதுத் தந்திரமாக இருக்குமோ என்று ஒரு கணம் முகத்தைத் துருவினார். பேசினவன் அவரைப் பார்க்கவில்லை. மேஜைமேல் சிந்தியிருந்த உப்பை விரலால் ஒரு கோடாகச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

செக்கர் எழுந்து கோட்டை மாட்டினார். கை அரை அங்குலம் குட்டை. சகலை அவர் கழுத்துக்குப் பின்னால் போ டையின் கொக்கியைத் தேடி மாட்டிவிட்டான்.

மேலாளர் இந்த முறை தலை குனிந்து உள்ளே விட்டார். செக்கர் உட்காருவதற்கு முன்பே கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். பாதிக்குமேல் சாதாரண சூட்டும் நீள டையும்தான். ஒருவர் மூடிய கழுத்துள்ள நீளக் கோட்டில் இருந்தார். ஒருவர் கோட்டுக்குக் கீழே ஓட்டப் பந்தய ஷூ போட்டிருந்தார். பட்டாம்பூச்சி, நாலில் ஒருவருக்குக்கூட இல்லை.

"போ டை கட்டாயமில்ல போல இருக்கே?" என்றார் சகலையின் காதருகில்.

"இல்லதான். ஆனா போட்டா எவனும் வாய் தொறக்கமாட்டான்ல" என்றான் அவன்.

மேஜையில் அடுத்த இரண்டு நாற்காலிகளில் ஒரு வயதான தம்பதி. கொழுந்தியாள் அவர்களோடு அதற்குள் சிநேகமாகியிருந்தாள். "இதெல்லாம் என்னங்க! இவர் போன தடவை போன கப்பல்ல, கூடத்து நடுவுல இவ்வளவு பெரிய அன்னம், முழுசும் பனிக்கட்டி. ராத்திரி முழுக்க உருகவே இல்லையாம்!"

"உருகாமலா?" என்று அந்த வயதானவர் புருவத்தை உயர்த்தினார். சரியான ஆள், செக்கர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. "படம் ஏதாவது இருக்கா?"

சகலை தட்டிலிருந்த மீனைக் கவனமாக முள்ளெடுக்க ஆரம்பித்தான். கொழுந்தியாள் இந்தப் பக்கம் திரும்பினாள். "அத்தான், உங்ககிட்டக்கூடப் படம் காட்டினதா இவர் சொன்னாரே?"

செக்கர் தண்ணீரைக் குடித்தார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பார்த்தேன்" என்றார். "இறக்கையில ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரிஞ்சுது."

மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில், கண்ணால் காணாத ஒன்றுக்கு அவர் சாட்சி சொல்லி அவள் கேட்டதில்லை. சகலை இருமினான், தண்ணீர் கேட்டான்.

ஐந்தாம் நாள் இரண்டாவது ஃபார்மல் டின்னருக்குச் செக்கர் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி, கோட்டும் நீள டையுமாகப் படிக்கட்டருகே நின்றார். நீள டை கப்பல் கடையிலேயே வாங்கியது. பட்டாம்பூச்சியைச் சகலையிடமே கொடுத்துவிட்டார்.

இறங்குகிற அன்று காலை கோட்டையும் உறையில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினார். "வேணாம்ணே, அது உங்களுக்குன்னே வாங்கினது. வச்சுக்கங்க" என்று சகலை சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே பெட்டியை உருட்டிக்கொண்டு போனான்.

அந்தச் சிரிப்பு செக்கருக்குச் சரியாகப் படவில்லை. அறைக்குத் திரும்பியதும் கோட்டைக் கட்டிலில் விரித்து வெளிப்பைகளில் கைவிட்டார். அப்புறம் உள்பை. அப்புறம் ஓரத் தையல்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்றார் செக்கர், உள்துணியைத் தடவிக்கொண்டே. "நீ போய் லிஃப்டைப் பிடி. இதோ வந்துட்டேன்."